பூச்சிக்கு ஒரு மண்டபம்

ஒரு பூச்சியின் பெயரில் மண்டபம் கட்டியிருக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பூனார்கா என்ற சிற்றூரில் இருக்கிறது. 1936-ல் கட்டியது. பெயர், காக்டோபிளாஸ்டிஸ் நினைவு மண்டபம். காக்டோபிளாஸ்டிஸ் என்பது பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் அந்துப்பூச்சி!

கதை 1788-ல் தொடங்குகிறது. இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்றிவந்த கப்பல்கள், வழியில் பிரேசிலில் சப்பாத்திக்கள்ளியையும் ஏற்றிக்கொண்டன. அதில் வாழும் ஒரு பூச்சி சிவப்புச் சாயம் தரும். சிப்பாய்களின் சட்டைக்கு அது தேவை. சாயத் தொழில் படுத்துவிட்டது. பிறகு வந்த வேறு கள்ளி வகைகளை வேலிக்கென்றும் வறட்சிக்காலத் தீவனத்துக்கென்றும் ஆசையாக நட்டார்கள். விளைவு? 1920-களின் நடுவில் சுமார் 6 கோடி ஏக்கர் கள்ளிக்காடு. கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு!

வெட்டினால், விழுந்த துண்டெல்லாம் வேர்விட்டது. ஆர்சனிக் விஷம் அடித்தார்கள். கள்ளியை ஒழிக்கும் செலவு நிலத்தின் விலையையே தாண்டியது. அப்படிப்பட்ட நிலத்தைச் சொத்து என்று எழுதுவதா, கடன் என்று எழுதுவதா? பல குடும்பங்கள் வீட்டோடு விட்டுவிட்டுக் கிளம்பின.

1925-ல் ஆலன் டாட் என்ற பூச்சியியலாளர் அர்ஜென்டினாவிலிருந்து சுமார் 3,000 முட்டைகளை அனுப்பினார். இந்த அந்து முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இடும். பார்த்தால் கள்ளி முள் போலவே இருக்கும். பொரிந்த புழுக்கள் கூட்டமாக ஒரே துளை வழியே உள்ளே போகும். கள்ளியில் நாம் இலை என்று நினைக்கும் மடல் உண்மையில் தண்டு. அதை உள்ளிருந்தே தின்று கூழாக்கிவிடும். வளர்த்துப் பெருக்கிய கோடிக்கணக்கான முட்டைகளை ஊர் ஊராகக் கொடுத்தார்கள். 1933-க்குள் பெரும்பகுதிக் காடு அழுகிச் சரிந்தது. போனவர்கள் விட்ட நிலத்தில் மறுபடி உழவு. மண்டபம் சும்மா வரவில்லை!

(தமிழகத்தில் சப்பாத்திக்கள்ளியை அடக்கியது இந்த அந்து அல்ல. 1926-ல் இலங்கையிலிருந்து வந்த, சாயப்பூச்சி இனத்தைச் சேர்ந்த இன்னொன்று.)

அவிழ்த்துவிடுமுன் சோதனையும் செய்திருந்தார்கள். பயிர்களைத் தின்னுமா என்று பார்த்தார்கள், தின்னவில்லை. ஆஸ்திரேலியாவில் சொந்தக் கள்ளியே கிடையாது என்பதால் அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. அதே பூச்சியை 1957-ல் கரீபியன் தீவான நெவிஸில் விட்டார்கள். அங்கே சுற்றியுள்ள தீவுகளிலெல்லாம் கள்ளி மண்ணின் செடி. தீவு தீவாகத் தாவிய அந்து 1989-ல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. அங்கே ஏற்கனவே அருகிப்போயிருந்த கள்ளி இனங்களையும் துளைத்தது.

2006-ல் மெக்சிகோவின் முகேரெஸ் தீவிலும் தென்பட்டது. மெக்சிகோவில் கள்ளி மடல் அன்றாடக் காய்கறி. தேசியக் கொடியில் கழுகு உட்கார்ந்திருப்பதும் கள்ளிமேல்தான். அரசு பதறியதில் ஆச்சரியமில்லை. பொறி வைத்து, புழு விழுந்த செடிகளையெல்லாம் பிடுங்கி அழித்து, 2009-ல்தான் பூச்சி ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.