குடவோலைக்கு வெளியே நின்றவர்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்து, வாரியங்கள் எனும் நிர்வாகக் குழுக்களை அமைத்தார்கள். இதுதான் குடவோலை முறை. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி தேர்வாக முடியாது. இன்றைய சட்டங்களில்கூட இத்தனை கறார் இல்லை. ஆனால் நம் மக்களாட்சியின் வேர் இங்கேதான் என்று மேடைதோறும் பேசுவது, விடுதலையோடு நேர்ந்த பெரிய முறிவை மூடி மறைத்துவிடுகிறது. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி ஆகியவை அன்றைய தகுதிகள். பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட பிரமதேய ஊரான அங்கே, ஏரிப் பாசனத்தில் உழுது நட்டு அறுத்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. பெண்களின் பெயரும்தான்.

நன்றாக நடந்த ஊராட்சியை வெள்ளைக்காரன் அழித்தான், விடுதலை அதை மீட்டது என்பார்கள். 1763இல் ஆர்க்காட்டு நவாப், உத்திரமேரூர் அடங்கிய செங்கல்பட்டு ஜாகிரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தபோது சோழர் காலத்துச் சபைகள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கம்பெனி கண்டது பரம்பரை நில உரிமை பெற்ற மிராசுதாரர்களை. அவர்கள் உரிமையை ஏட்டில் ஏற்றியது. பண்ணையாட்களின் நிலைமையைச் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதிய பிறகே ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அதிலும் பெரும்பகுதி பிறகு கைமாறிப்போனது.

முறிவு, அரசியலமைப்போடு வந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அடிப்படை அலகாக ஏற்க மறுத்துத் தனிமனிதனை முன்நிறுத்தினார். காந்தியர்கள் கொதித்தார்கள், அவர்களுக்காக ஊராட்சி பற்றிய 40ஆம் பிரிவு சேர்ந்தது. ஆனால் 326ஆம் பிரிவு நிலமும் படிப்பும் கேளாமல் வயதுவந்த எல்லாருக்கும் வாக்குரிமை அளித்தது. இதை இயல்பாக நடந்தது என்று எண்ண வேண்டாம். 1820களில் ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட பெருவில் எழுத்தறியாதவர்களுக்கு வாக்குரிமை 1979 அரசியலமைப்பில்தான் வந்தது. வாக்கு வந்தும் நிலம் வரவில்லையே என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் 1994 தமிழ்நாடு ஊராட்சிச் சட்டத்தின் தனித்தொகுதிகளும், 2016இல் பெண்களுக்குச் சரிபாதியான இடங்களும் இந்த வாக்குரிமையின் மேல் கட்டியவைதான். குடவோலையின் மேல் அல்ல. அந்த உரிமையும் தானாக நிலைப்பதில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் உத்திரமேரூர் ஒன்றியத்துக் கிராமங்களை நிர்வகித்தவர்கள் தனி அலுவலர்கள்.