நல்லூர்க் கிளர்ச்சியும் அதன் பின்விளைவுகளும்

யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சியைக் கூறுவோர் 1619 ஆம் ஆண்டோடு தம் கூற்றை முடித்துவிடுதல் பெருவழக்கு. அவ்வாண்டிற் பிலிப் தெ ஒலிவேறாவின் படையினாற் சங்கிலி குமாரன் சிறைப்பட்டான்; கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆங்கு மரணதண்டனை எய்தினான். ஆயின் அரசன் வீழ்ந்தமை வேறு. குடிகள் பணிந்தமை வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஈராண்டு வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

1620 ஆம் ஆண்டில் மிகப்பிள்ளை ஆராச்சி என்பான் தலைமையிற் கிளர்ச்சி மூண்டது. அவன் கிறித்தவன், முன்னர்ச் சங்கிலியையே எதிர்த்து எழுந்தவன். அத்தகையோனே போர்த்துக்கேயருக்கு எதிராக வாளெடுத்தமை, அப்போராட்டத்தை மதப்பூசலாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாதென்பதைக் காட்டும். தஞ்சை இரகுநாத நாயக்கன் படையுதவி அளித்தான். நல்லூரில் இருந்த ஒலிவேறா பெரும் நெருக்கடிக்குள்ளானான். கொழும்பிலிருந்து வந்த துணைப்படையே அவனைக் காத்தது. 1621 இல் மீண்டும் வந்த தஞ்சைப் படையும் தோற்கவே, எதிர்ப்பு ஒடுங்கிற்று.

இதன்பின் நிகழ்ந்தவை தோல்வியினும் கொடியன. அதே ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. ஆட்சிபீடம் நல்லூரை விட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறிற்று. கோயிற் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன என்பது செவிவழி மரபு. அரச குடும்பத்தினர் துறவு வாழ்விற் புகுத்தப்பட்டமையால் முடிக்குரிமை கோருவாரும் இலராயினர். 1645 இல் எழுதப்பட்ட தோம்பு, நிலத்தையும் வரியையும் அந்நியர் ஏட்டில் நிலைநிறுத்திற்று. மக்கள் ஒருங்குகூடுதற்குரிய கோயில், தலைநகர், அரசமரபு ஆகிய மூன்றும் இவ்வாறு அகற்றப்பட்டன. 1944 இல் வார்சோ நகரத்துப் போராளிகள் 63 நாள் போரிட்டுச் சரணடைந்தபின், ஜேர்மானியர் மக்களை வெளியேற்றி எஞ்சிய கட்டடங்களைத் திட்டமிட்டுத் தகர்த்தமையும் இதனோடு ஒப்புநோக்கற்பாலது. பணிந்த நகரையும் அழிப்பவன், அது மீண்டும் எழும் என்றே அஞ்சுகின்றான்.

இக்கிளர்ச்சியை விரிவாகக் கூறுபவர் போர்த்துக்கேயத் தரப்பினரான குவேறோஸ் பாதிரியார். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையோ காக்கை வன்னியனின் துரோகத்தை விதந்து கூறுகின்றது; கிளர்ச்சி செய்தாருக்கு ஆங்கு உரிய இடமில்லை. இதன் விளைவு யாது? துரோகியின் பெயர் இன்றும் வசைச்சொல்லாக வழங்குகின்றது. எதிர்த்து நின்றாரின் பெயரோ கற்றாரிலும் சிலரே அறிவர். ஒருவன் துரோகத்தால் அனைத்தும் அழிந்தன எனக் கொள்வது எளிது. அவ்வாறு கொள்ளும் சமுதாயம், 1617 ஆம் ஆண்டின் அரியணைப் பூசல் முதலாய தன் உட்பகையை ஆராயாது விடும். தன்பொருட்டு மாய்ந்தாரையும் மறக்கும்.

கோயில் 1734 ஆம் ஆண்டளவில் மீண்டும் எழுந்தது. நினைவும் அவ்வாறே மீட்டெடுக்கப்படுதல் வேண்டும். பகைவர் எழுதிய ஏட்டிலிருந்தாயினும் நம்மவர் வரலாற்றைப் பிரித்தறிதல் நம் கடனாகும்.