தீப்ஸ் நகரின் பண்டை வழிகாட்டிகள்

எகிப்தின் கோயில்களையும் கல்லறைகளையும் வழிகாட்டியின் துணையுடன் பல நாள் சுற்றிப் பார்க்கும் வழக்கம் இக்காலத்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. கி.பி. 19இல் உரோமானிய இளவரசர் ஜெர்மானிக்கஸ் நைல் ஆற்று வழியே தீப்ஸ் நகரை அடைந்தபோது, முதிய பூசாரி ஒருவர் அங்கிருந்த கல்லெழுத்துகளுக்குப் பொருளுரைத்தார் என டாசிட்டஸ் குறிக்கின்றார்.

வந்தவருள் மிகப் பலர் அவ்வெழுத்தை அறியார். ஆதலின் காட்டுவோரின் வாய்மொழியே அவர்களுக்கு வரலாறாயிற்று. மேற்குக் கரையில் மூன்றாம் அமன்ஹோதெப் எழுப்பிய, ஏறத்தாழ 18 மீட்டர் உயரமுள்ள இரு சிலைகளும் திராய்ப் போரில் மடிந்த மெம்னோனுடையன எனப்பட்டன. அவற்றுள் உடைந்துபோன வடசிலை வைகறையில் எழுப்பிய ஒலியைக் கேட்கப் பேரரசர் ஹாட்ரியனும் கி.பி. 130இல் வந்தார். அதற்கு முன்பே அவ்வொலியைக் கேட்ட ஸ்ட்ராபோ, கல் ஒலிக்கும் என்பதை நம்பவில்லை. ஐயுற்றவர் அவரைப் போல் சிலரே.

அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில் பயணிகள் கீறிய கிரேக்க, இலத்தீன் எழுத்துகள் 2,000க்கு மேற்பட்டவை. ழூல் பாயே 1920களில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். (இன்று அவ்வாறு கீறுதல் குற்றம், அன்று கீறியதோ நமக்குச் சான்று.) இவற்றுள் மிகப் பல ஆறாம் ராம்சேஸின் கல்லறையில் உள்ளன. அதனையும் மெம்னோன் கல்லறை என்றே காட்டினர்.

இதனை வெறும் புனைவென ஒதுக்குதல் முறையன்று. ராம்சேஸுக்கும் அமன்ஹோதெப்புக்கும் ‘நெப்மாத்ரே’ என்னும் அரியணைப் பெயர் பொதுவாகும். எழுத்தறிந்த யாரோ ஒருவர் பெயரைச் சரியாகப் படித்து, ஆளைப் பிறழக் கொண்டிருத்தல் வேண்டும்.