தொய்வு நோயும் மருத்துவ நோக்கும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு நோயை ஒவ்வொரு காலத்தவரும் எவ்வாறு விளங்கிக்கொண்டனர், அவ்விளக்கம் எவரை எவ்வாறு பாதித்தது என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. நம்மவர் தொய்வு எனவும் முட்டு எனவும் கூறும் ஆஸ்துமாவின் வரலாறு இவ்வகையில் நோக்குதற்குரியது. வந்து போகும் இயல்பினது இந்நோய். இரவில் மூச்சுத் திணறியவர் மறுநாட் காலையிற் சுகதேகியாகக் காட்சியளிப்பர். எனவே திணறலைத் தணிப்பதே நோயைத் தீர்ப்பதாகும் என்ற மயக்கம் வைத்தியரிடத்தும் நோயாளரிடத்தும் நெடுங்காலம் நிலவியது. அம்மயக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று.

நோயின் புறத்தோற்றத்தைப் பண்டையோர் நன்கறிந்திருந்தனர். ஆஸ்துமா என்பது மூச்சிரைப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஹிப்போக்கிரட்டிசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் அது இடம்பெறுகிறது. சரகசங்கிதை கூறும் தமகசுவாசம் படுத்தால் மிகுவது, எழுந்திருந்தால் தணிவது. இன்றைய மருத்துவ மாணவனும் இவ்விவரணத்திற் குறைகாண்பது அரிது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையிற் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை வைத்தியராக விளங்கியவர் ஜேம்ஸ் அன்டர்சன். ஊமத்தை இனச்செடியொன்றை உலர்த்தி இடித்துப் புகைக்கும் இந்திய முறையை அவர் ஆஸ்துமாவுக்குப் பயன்படுத்தினார். அவரிடமிருந்து ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802இல் இம்முறையைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்றார். அங்கு எளிதிற் கிடைத்த வேறோர் ஊமத்தையினம் அதன் இடத்தைப் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்துமாச் சிகரற்றுகள் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விற்பனைப் பண்டங்களாயின. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்சல் புரூஸ்ற்றும் அவற்றைப் புகைத்தவரே. ஊமத்தையிலுள்ள அத்திரோப்பின் முதலியன மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவன என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று வழக்கிலுள்ள இப்ராற்றோப்பியம் அத்திரோப்பினின் வழிவந்ததே. இவ்வரலாற்றில் அன்டர்சனுக்கும் ஜென்டுக்கும் பெயருண்டு. அவர்களுக்கு முன்னர் அதனைப் புகைத்தறிந்தவர்களுக்குப் பெயரில்லை. குடியேற்றவாதம் மிளகையும் கறுவாவையும் மட்டும் கப்பலேற்றவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அதேவேளை, பழைமை மீதுள்ள பற்றினால் ஊமத்தைப் புகையை இன்றும் பரிந்துரைப்போர் அதன் நச்சுத்தன்மையை மறந்து பேசுகின்றனர்.

தாமும் இந்நோயால் வருந்தியவரான ஹென்றி ஹைட் சோல்ற்றர் 1860இல் வெளியிட்ட நூல், ஆஸ்துமா நரம்புவழித் தூண்டப்படும் மூச்சுக்குழாய் இசிவு என வாதிட்டது. கடுங்கோப்பியை அவர் நல்ல மருந்தாகக் கருதினார். (கோப்பியிலுள்ள கஃபீன், பிற்காலத் தியோபிலினுக்கு நெருங்கிய உறவினது.) நரம்பு என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டில் உளப்பகுப்பாய்வாளர் கையில் உள்ளமாக மாறிற்று. சிக்காகோவில் பிரான்ஸ் அலெக்சாந்தர் குழுவினர் 1941இல், மூச்சிரைப்பைத் தாயை நோக்கிய அடக்கப்பட்ட அழுகையென விளக்கினர். பிள்ளையின் திணறலுக்குத் தாய் குற்றவாளியானாள். ஈரச்சுவரும் தூசும் புகையும் அவ்விளக்கத்திற் பின்தள்ளப்பட்டன. 1960களில், வீட்டுத்தூசியில் வாழும் நுண்ணுண்ணியின் பங்கினை லைடன் நகர ஆய்வாளர் நிறுவிய பின்னரே தாய்மாருக்கு ஓரளவு விடுதலை கிட்டியது எனலாம்.

நம்மவர் 'பம்' என வழங்கும் இன்ஹேலர், மருந்தை அளந்து விசிறும் வடிவில், 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1960களில் இங்கிலாந்து, வேல்ஸ், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் ஆஸ்துமா மரணங்கள், குறிப்பாக இளவயதினரிடையே, சடுதியாக உயர்ந்தன. வழமையான அளவிலும் ஐந்து மடங்கு செறிவுள்ள ஐசோபிரனலின் இன்ஹேலர் மீது ஐயம் விழுந்தது. அச்செறிவான மருந்து விற்கப்படாத அமெரிக்காவில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. 1967இல் எச்சரிக்கை விடுக்கப்பட்டு, 1968இல் பிரித்தானியாவில் வைத்தியரின் சீட்டின்றி விற்பது நிறுத்தப்பட்ட காலத்தில் மரணங்கள் குறைந்தன. எனினும் படிப்பினை நிலைக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் மரணங்கள் மீண்டும் பெருகின. பெனற்றரோல் என்னும் மருந்தின் தொடர்பை அந்நாட்டு ஆய்வாளர் 1989இல் வெளிப்படுத்தினர். மருந்தின் நஞ்சு கொன்றதா, அது தந்த தற்காலிக ஆறுதலை நம்பி வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதித்ததா என்பது நெடிய விவாதமாயிற்று. எவ்வாறாயினும், இசிவு தணிந்துகொண்டிருக்க, அதன் அடியிலிருந்த அழற்சி கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதே எமது கருத்து.

அழற்சியைத் தணிக்கும் பெக்லோமெதசோன் இன்ஹேலர் 1972 முதலே கிடைத்தது. ஆயினும் வளர்ந்தோருக்கும் கட்டிளம் பருவத்தினருக்கும் தணிப்பு மருந்தை மட்டும் கொடுத்தலாகாது என 'ஜினா' எனப்படும் சர்வதேச அமைப்பு வெளிப்படையாக விதந்துரைத்தது 2019இலேயே. இத்தாமதத்துக்கு வைத்தியரின் மனப்பாங்கு மட்டும் காரணமன்று. தடுப்பு மருந்தின் பயன் நாட்கணக்கில், வாரக்கணக்கில் வெளிப்படுவது. தணிப்பு மருந்தின் பயன் நிமிடங்களில் நெஞ்சிலே தெரிவது. இரண்டில் ஒன்றையே வாங்க வசதியுள்ள கூலித் தொழிலாளி எதை வாங்குவான் என்பது சொல்லாமலே விளங்கும்.

நோயை இனங்காணலிலும் இதே சிக்கல் உண்டு. வளர்ந்தோரில், முதற் செக்கனில் ஊதித்தள்ளும் காற்றின் கனவளவு, தணிப்பு மருந்தின் பின் 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடுமாயின் அது முக்கிய சான்றாகும். கருவியில்லாச் சிற்றூர் வைத்தியசாலைக்கு, ரைற்றும் மக்கெரோவும் 1959இல் விவரித்த உச்சவோட்டமானியின் மலிவான வடிவம் உதவும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இவற்றில் எதையும் ஒழுங்காக ஊதாது. அங்கு வைத்தியர் நம்பவேண்டியது தாயின் வாய்மொழியையே: இரவிருமல், ஓடினாலும் சிரித்தாலும் வரும் இழுப்பு, தோற்கரப்பான், குடும்ப வழக்கு. 1941இல் குற்றவாளியாக்கப்பட்டவள் இங்கே முதன்மைச் சாட்சியாகிறாள். ஆனால் அவளிடம் நோயின் பெயரைச் சொல்ல நம் வைத்தியர் பலர் தயங்கி, 'வீசிங்' என்று கூறி அனுப்பிவிடுகின்றனர். பெண்பிள்ளையாயின் நாளைய கலியாணப் பேச்சு குறித்த அச்சமும் இத்தயக்கத்துக்குத் துணைநிற்கிறது. பெயரற்ற நோய்க்கு நாள்தோறும் மருந்து எதற்கு என்று தாய் கேட்பதில் நியாயமுண்டு.