சித்தப்பாவும் ஊதும் கருவியும்

போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து மகனோடு காரில் திரும்பும்போது போலீஸார் மறித்தார்கள். "ஊதுங்க சார்" என்று ஒரு சின்னக் கருவியை நீட்டினார் ஒருவர். "குடிக்காதவனைப் போய்..." என்று மகன் முணுமுணுத்தான். எனக்கோ சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

1968. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சித்தப்பா சர்க்கரை நோயாளி. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியவர், பஸ் ஸ்டாண்டில் சர்க்கரை இறங்கித் தள்ளாடினார்; பேச்சும் குழறியது. பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரர் வாயை முகர்ந்து பார்த்து, "ஏதோ வாடை வருது" என்றாராம். தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்லும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த அவமானத்தைச் சித்தப்பா கடைசிவரை மறக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூக்கை நம்பாத கருவி அதற்கு 30 வருஷம் முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர் ரோலா ஹார்கர் 'டிரங்கோமீட்டர்' என்று ஒன்றைச் செய்தார். 1938 டிசம்பர் 31 இரவு இண்டியானாபோலிஸ் போலீஸார் அதைப் பயன்படுத்தினார்கள். பலூனில் ஊத வேண்டும். அந்தக் காற்றை அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் விட்டால், ஆல்கஹால் இருந்தால் ஊதா நிறம் வெளுக்கும்.

ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் நுரையீரல் வழியாக மூச்சிலும் கலக்கிறது. 1 மி.லி. ரத்தத்தில் இருக்கும் அளவு, சுமார் 2,100 மி.லி. மூச்சுக் காற்றில் இருக்கும் என்பது கணக்கு.

1954-ல் இண்டியானா மாநில போலீஸில் இருந்த ராபர்ட் போர்கன்ஸ்டைன் 'பிரெத்அலைசர்' கொண்டுவந்தார். அதில் பொட்டாசியம் டைகுரோமேட். ஆல்கஹால் பட்டால் மஞ்சள் நிறம் மங்கிப் பச்சையாகும். மாற்றத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல், விளக்கும் ஒளிமின்கலமும் அளந்தன. இன்றைய கைக்கருவிகள் பலவற்றில், ஆல்கஹால் பிளாட்டினம் தகட்டில் பட்டுச் சிறிது மின்சாரம் உண்டாகிறது. அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது.

கருவியும் ஏமாறும். வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஆல்கஹால் இருந்தால், உடனே ஊதும்போது அளவு கூடக் காட்டும். அதனால்தான் 15 நிமிடம் பொறுத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம்.

மகன் ஊதினான். பூஜ்யம். "போங்க சார்" என்றார் போலீஸ்காரர், அரை நிமிடத்தில்.

குடித்தவனைப் பிடிக்கத்தான் இந்தக் கருவி என்று நினைக்கிறோம். குடிக்காதவனுக்கும் அதுதான் சாட்சி. சித்தப்பாவுக்கு அன்று ஒரு பலூன் கிடைத்திருக்கலாம்.