நியூயார்க் அரங்கேற்றம், மால்வர்ன் திண்ணை

கொண்டுவந்த கவிதைகள் இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குத்தான் போதுமாயிருந்தன. மறுபக்கம் காலி. 1952 பிப்ரவரி 22, நியூயார்க்கின் ஸ்டைன்வே ஹால். மைக்குக்கு முன்னால் வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ், வயது 37. எதிரே பார்பரா கோஹன், மரியான் ரோனி என்ற இரண்டு பெண்கள். இருவருக்கும் வயது 22. இன்னும் ஒரு தட்டுகூட வெளியிடாத கம்பெனியின் முதலாளிகள். வேறு ஏதாவது கைவசம் உண்டா என்று அவர்கள் விசாரித்தபோது, ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்கு முன்பு எழுதிக்கொடுத்த கிறிஸ்துமஸ் கதை ஒன்று தாமஸுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண்கள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்தில் மால்வர்ன் மலையடிவாரத்து வீடு ஒன்று. அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சேயர் வீட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் விருந்தாளியாக வந்திருக்கிறார், வயது 60. பகலெல்லாம் மலைப்பக்கம் நடை. மாலையில் விருந்தாளிக்குப் பொழுது போக வேண்டுமே என்று சேயர் ஒரு டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்தார். டோல்கீனுக்கு அந்தச் சாதனம் புதிது. உள்ளே ஏதாவது பிசாசு இருந்தால் முதலில் விரட்டிவிடலாம் என்று சொல்லி, வழக்கொழிந்த காதிக் மொழியில் பரலோக மந்திரத்தைச் சொல்லிப் பதிந்தாராம்.

ஒலிநூல் என்றதும் நாம் நினைப்பது கைபேசியையும் காதில் மாட்டும் கருவியையும்தான். எழுதியவரே உட்கார்ந்து தன் எழுத்தை வாசித்துப் பதிவது எப்படிப்பட்ட காரியம் என்று பார்க்க எனக்கு இந்த இரண்டு பதிவுகளே போதும். ஒன்று ஒப்பந்தம் போட்டு, ஒலிப்பதிவாளர் வைத்து, விற்பனைக்கென்று செய்தது. மற்றது விருந்து முடிந்த பிறகு விளையாட்டாகச் செய்தது. கடைசியில் இரண்டும் ஒரே கம்பெனியின் தட்டுகளாக வெளிவந்தன. அந்த இரண்டு பெண்கள் தொடங்கிய கேட்மன் ரெக்கார்ட்ஸ்தான் அது. முதலாவது அதே 1952-இல் வந்தது. டோல்கீனின் நாடாக்கள் 1975-இல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து.

இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது முழுத் தற்செயல் என்று சொல்ல முடியாது. நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது 1948-இல். அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டுக்குப் போதும், கதைக்குப் போதாது. பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் 1930-களிலேயே மெதுவாகச் சுற்றும் தனித் தட்டுகளில் வந்துகொண்டிருந்தன. ஆனால் அவை கடைச்சரக்கு இல்லை. காந்த நாடாவும் போருக்குப் பிறகுதான் பரவியது. தட்டில் நேரே வெட்டிப் பதிந்த காலத்தில் வாய் தவறினால் தட்டே வீண். நாடாவில் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம், வெட்டி ஒட்டலாம். தப்புச் செய்ய அனுமதி கிடைத்த பிறகுதான் எழுத்தாளன் மைக்குக்கு முன்னால் வர முடிந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

தாமஸைப் பிடித்த கதை தனி. அவர் வாசிப்பைக் கேட்டு மயங்கிய அந்தப் பெண்கள், தாங்கள் பெண்கள் என்று தெரியாதிருக்கப் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டுக் கடிதம் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. அவர் செல்சி ஹோட்டலில் தங்கியிருந்தார். விருந்துகளிலிருந்து அறைக்குத் திரும்பும் அதிகாலை நேரம் பார்த்துத் தொலைபேசியில் பிடித்தார்கள். பேரம் எளிமையானது: முதல் ஆயிரம் தட்டுக்கு 500 டாலர், அதற்கு மேல் விற்றால் பத்து சதவீதம். முதலில் குறித்த நாளில் ஆள் வரவில்லை. வந்த நாளில் பதிவு செய்தவர் பீட்டர் பார்டாக். ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டாக்கின் மகன்.

தாமஸுக்கு மைக் பழகிய பொருள். பி.பி.சி. வானொலியில் நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் செய்தவர். சிறு வயதில் ஸ்வான்ஸியில் உச்சரிப்புப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர். அந்தப் பயிற்சி அவர் குரலிலிருந்து ஊர் வாடையைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. தட்டில் கேட்பது தேவாலயத்து ஆர்கன் வாத்தியம் போல நிறைந்து வரும் குரல். ஒவ்வொரு உயிரெழுத்தையும் நீட்டி, நிறுத்தி, நெஞ்சிலிருந்து எடுத்துத் தருகிறார். அச்சில் பூட்டிக் கிடக்கும் கவிதையைக்கூடப் பொருள் பிறகு பார்க்கலாம் என்று கேட்க வைக்கும் வித்தை அது. நம் மரபில் இதற்குப் பெயர் அரங்கேற்றம். நூல் முடிந்தாயிற்று, சபை கூடியாயிற்று, புலவர் வாசிக்கிறார்.

டோல்கீனின் நிலைமை நேர் எதிர். அவர் வகுப்பில் வேகமாகவும் வாய்க்குள்ளும் பேசுவார் என்பது மாணவர் பலரும் சொன்ன குறை. பேயோவுல்ஃப் காவியத்தைப் பழைய ஆங்கிலத்தில் ஓங்கிச் சொல்லும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அதைக் கேட்டவர்களில் ஒருவரான கவிஞர் ஆடன் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் சொந்த நாவல் என்று வந்தால் கதை வேறு. சி.எஸ். லூயிஸ் அறையில் கூடும் நண்பர் வட்டத்தில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கப்பட்டது. அப்பாவைவிட மகன் கிறிஸ்டோஃபர் நன்றாக வாசிக்கிறான் என்று நண்பர்கள் கண்டு, பிற்காலத்தில் அந்த வேலையை மகனிடமே கொடுத்துவிட்டார்கள். எழுதியவரே சிறந்த வாசகர் என்ற நம்பிக்கை அவருடைய நண்பர்களுக்கே இல்லை.

மால்வர்ன் வந்தபோது அந்த நாவல் எழுதி முடித்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது, பதிப்பாளர் இல்லை. ஒரு நிறுவனத்தோடு மனத்தாங்கல், இன்னொன்று நீளத்தைப் பார்த்துப் பின்வாங்கியது. தட்டச்சுப் பிரதி சேயர் வீட்டில் இருந்தது. அதை வாங்கிப்போகவும்தான் டோல்கீன் வந்தார். முதலில் நாவலில் உள்ள பாட்டுகள் சிலவற்றைப் பதிந்து, ஓட்டிக் கேட்டார். பிடித்துப்போயிற்று. ‘ஹாபிட்’ நாவலின் விடுகதைப் பகுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டது சேயர். அரை மணி நேரத்துக்கு நெருக்கமாக அசையாமல் உட்கார்ந்து கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதன் பிறகு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் போர்க்களப் பகுதிகள்.

அந்த விடுகதைப் பகுதியில் வரும் கோல்லம், தொண்டையில் எதையோ விழுங்கும் சத்தத்தாலேயே பெயர் பெற்ற பாத்திரம். அந்தச் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் போதாது. டோல்கீன் தொண்டையில் அது தானாக வருகிறது. தாமே உருவாக்கிய எல்ஃப் மொழியில் உள்ள பாட்டை ஒருமுறை வாசித்தும் ஒருமுறை தேவாலய ஓதுமுறை போல ராகமிட்டும் தருகிறார். அன்று உலகத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் உச்சரிப்புத் தெரிந்த மொழி அது. இன்றைய ஸ்டூடியோவில் குரல் கலைஞர்கள் நூலாசிரியரிடம் முதலில் கேட்பது பெயர்களின் உச்சரிப்புப் பட்டியலைத்தான். இந்த நாடா அப்படிப்பட்ட ஒரு பட்டியலுக்குச் சமம்.

பணிந்து கேட்கும் காதுக்குத் தாமஸ்தான் பெரிய வாசகர், அதில் தகராறு இல்லை. டோல்கீன் இடையிடையே அவசரப்படுகிறார், சொற்களை மெல்கிறார். இருந்தாலும், ஒரு நூலாசிரியனை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து என்ன பயன் என்று கேட்டால் நான் காட்டுவது மால்வர்ன் நாடாவைத்தான். தாமஸ் தனக்குத் தெரிந்ததை நமக்குத் தருகிறார். டோல்கீன் தன் நூல் எப்படி ஒலிக்கிறது என்று அந்த அறையிலேயே தெரிந்துகொள்கிறார். அரங்கேற்றத்தில் புலவர் சபையைப் பார்த்துப் பேசுவார். திண்ணையில் கதை சொல்பவருக்குத் தன் காதும் ஒரு சபை.

இதற்குச் சாட்சி அவருடைய கடிதமே. 1952 ஆகஸ்ட் 29 அன்று, முன்பு மனத்தாங்கல் வந்த நிறுவனத்தின் ரெய்னர் அன்வினுக்கு எழுதும்போது, இந்தப் பதிவுகளைப் பற்றிச் சொல்லி, அவை காதுக்கு இவ்வளவு நன்றாக இருந்ததும் தாம் ஒரு நல்ல கதைசொல்லியாக இருப்பதும் தமக்கே ஆச்சரியம் என்கிறார். பி.பி.சி.க்கு ஆர்வம் வருமா என்றும் கேட்கிறார். தன் நாவல்மேல் திரும்ப நம்பிக்கை வரவழைத்தது அந்த இயந்திரம்தான் என்று டோல்கீன் சொன்னதாகவும், ரெய்னருக்கு அனுப்பத் தாமே யோசனை சொன்னதாகவும் சேயர் பிற்காலத்தில் எழுதினார். இரண்டாவது பகுதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். ஜூன் மாதத்திலேயே ரெய்னரோடு கடிதப் போக்குவரத்து திரும்பத் தொடங்கிவிட்டது. நல்ல விருந்தோம்பலாளருக்கு இந்த மிகை மன்னிக்கத் தக்கது. செப்டம்பரில் ரெய்னர் நேரில் வந்து பிரதியை வாங்கிப்போனார். முதல் பாகம் 1954 ஜூலையில் வெளியானது.

பொருத்திப் பார்த்தால் தாமஸ் தட்டுக்குள்ளேயே ஒரு மால்வர்ன் இருக்கிறது. காலிப் பக்கத்தை நிரப்ப நினைவிலிருந்து தூசு தட்டி எடுத்த அந்தக் கிறிஸ்துமஸ் கதைதான் அது. வேல்ஸில் தன் சிறுவயதுப் பண்டிகை நாட்களைத் தாமஸ் சொல்கிறார். ஆர்கன் குரல் இங்கே அடங்கி, சிரிப்பு உள்ளே வருகிறது, வேகம் கூடுகிறது. அதுவும் முதலில் வானொலிப் பேச்சாகப் பிறந்து, பிறகு பத்திரிகைகளுக்காகச் சேர்த்துத் தைத்த எழுத்து. வாய்க்கு ஏற்கெனவே பழகியது. பெருமுயற்சியாகக் கொண்டுவந்த ஐந்து கவிதைகளைத் தள்ளிவிட்டு, ஒப்புக்குச் சேர்த்த இந்தக் கதை தட்டின் தலைப்பில் முதலிடம் பிடித்தது. தட்டு லட்சக்கணக்கில் விற்றது, கேட்மன் நிலைத்தது. 2008-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் ஏறியது. அது நடந்ததற்குக் காரணம் எதிரே இருந்த இருவர் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டதுதான். சேயர் விடுகதைப் பகுதியைக் கேட்டதும் அதே ரகம்.

இப்போதைய ஸ்டூடியோக்களில் கேட்கிற ஆள் குறைந்துவிட்டார். ஆங்கிலத்தில் ஒரு மணி நேர ஒலிநூல் என்றால் ஏறத்தாழ 9,000 சொற்கள். அதைப் பதிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வாய் தவறினால் மென்பொருள் சில நொடி பின்னால் போய் ஓட்டிக்காட்டும், அங்கிருந்து தொடரலாம். வாய் உலர்ந்து எழும் சொடுக்குச் சத்தத்துக்குப் பச்சை ஆப்பிள், வயிற்று இரைச்சலுக்கு மடியில் தலையணை. எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. அச்சுப் பிரதியில் இருப்பதைச் சொல் மாறாமல் வாசித்துவிட்டு எழுத்தாளர் வீட்டுக்குப் போகிறார்.

அந்தக் கொடுப்பினைகூட எல்லாருக்கும் இல்லை. பாரதியின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. டோல்கீன் பதிப்பாளர் தேடி அலைந்த அதே ஆண்டுகளில் கல்கி வாராவாரம் ‘பொன்னியின் செல்வன்’ எழுதிக்கொண்டிருந்தார். இன்று அதைப் பாம்பே கண்ணன் தயாரித்த பல குரல் ஒலிநூலில் கேட்கலாம், கல்கியின் வாயால் கேட்க முடியாது. டோல்கீனுக்கும் பிறகு பெரிய கலைஞர்கள் வந்தார்கள். 1990-இல் ராப் இங்லிஸ் நாவல் முழுவதையும் பாட்டுகளோடு வாசித்தார். திரையில் கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸ் 2021-இல் வாசித்தார். இருவருமே முழுமையாகவும் மெருகாகவும் செய்திருக்கிறார்கள். பொழுதுபோக்காகக் கேட்க நான் எடுப்பதும் அவர்களைத்தான்.

தாமஸ் 1953 மே 14 அன்று ‘அண்டர் மில்க் வுட்’ நாடகத்தை நியூயார்க் மேடையில் நடிகர்களோடு வாசித்தார். திரை விலகும் கடைசி நிமிடங்கள்வரை எழுதிக்கொண்டே இருந்தார் என்பார்கள். யாரோ மேடைத் தரையில் வைத்த ஒரே ஒரு மைக்கால் அது தப்பியது. அதையும் கேட்மன்தான் வெளியிட்டது. நவம்பரில் அவர் அதே ஊரில் இறந்தார். 1954 ஜனவரியில் பி.பி.சி. அந்த நாடகத்தை ஒலிபரப்பியபோது அவருடைய பகுதியைப் படித்தவர் ரிச்சர்ட் பர்ட்டன்.

டோல்கீனுக்குப் பி.பி.சி.யோடு ஒத்துப்போகவில்லை. பழைய ஆங்கிலப் போர்க்கவிதை ஒன்றின் தொடர்ச்சியாக இரண்டு பேர் உரையாடும் செய்யுள் நாடகம் எழுதியிருந்தார். 1954 டிசம்பரில் அது ஒலிபரப்பானது; செய்யுளைச் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வீட்டிலேயே ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, இருவர் வேடத்தையும் தானே பேசி, பின்னணிச் சத்தங்களையும் தானே எழுப்பி, முழு நாடகத்தையும் பதிந்துவைத்தார்.