பாஸ் அவுட்: பட்டமா, மயக்கமா?



மலர்க் குழு அனுப்பிய படிவத்தில் முதல் கேள்வியே ‘பாஸ் அவுட் ஆன வருடம்?’ என்பதுதான். எழுதப் போன கை சற்றே தயங்கியது. காரணம் இரண்டு.

முதலாவது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெளிநாட்டு அதிகாரியிடம், “நான் காலேஜிலிருந்து பாஸ் அவுட்” என்றேன். மனுஷன் பதறிப்போய், “இப்போ உடம்பு தேவலையா?” என்றார்! அவர் ஊரில் அதற்கு மயங்கி விழுவது என்றுதான் பொருளாம். சாலவாக்கத்துப் பையனின் இங்கிலீஷ் இவ்வளவுதான் என்று கூனிக் குறுகிப் போனேன்.

பிறகு அகராதிகளைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. தப்பு நம்முடையதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவப் பயிற்சிப் பள்ளிகளில், இறுதித் தேர்வில் தேறி வெளியேறுவதைத்தான் ‘பாஸ் அவுட்’ என்றார்கள். நமது கல்லணைப் பாசனத்துக்கு உயிர் கொடுத்த ஆர்தர் காட்டன் படித்த அடிஸ்கோம் பள்ளியும் அப்படிப்பட்ட ஒரு பள்ளிதான். மயக்கம் என்ற பொருள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சையாகப் பரவியது. வெளிநாட்டில் கொச்சை வென்றது. நம்மிடம் பழசு தங்கிவிட்டது. 1963-ல் தொடங்கிய பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் இன்றும் நடப்பது ‘பாஸிங் அவுட் பரேட்’தானே!

நம் காலேஜ் பேச்சில் அதற்கு ஒரு நுட்பமும் உண்டு. ‘பாஸ்’ என்றால் ஒரு பேப்பர். ‘பாஸ் அவுட்’ என்றால் அத்தனை பேப்பரையும் முடித்துவிட்டு கேட்டைத் தாண்டுவது.

இங்கேதான் இரண்டாவது காரணம். 2010 மே மாதம் நீங்களெல்லாம் பாஸ் அவுட். எனக்கோ கணக்கில் ஒரு அரியர். ஊருக்குப் போனதும் அப்பா கேட்டார்: “ஏம்பா, யாராவது கேட்டா என்னான்னு சொல்றது?”

“பாஸ் அவுட் ஆயிட்டேன்னு சொல்லுங்கப்பா.”

அதில் ‘அவுட்’ உண்மை, ‘பாஸ்’ பொய். அப்பா டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கணக்குப் பேப்பரை அடுத்த வருஷம்தான் முடித்தேன். கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

படிவத்தில் 2011 என்றே எழுதியிருக்கிறேன். அச்சுப்பிழை என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.